கடை வாசல் கால்வாயும் குடிநீர்க் குளமும்



இம்மாதப் பாடத்திற்கு எடுத்துக்கொண்ட விஷயம் தண்ணீர். குழாயைத் திறந்தால் வருகிறது, மாத முடிவில் அதற்குரிய கட்டணம் வருகிறது. அதற்கு மேல் ஒரு வியாபாரிக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது, அதுவும் கடை வாசலிலேயே இருக்கிறது.

புக்கிட் பாஞ்சாங்கில் கடை வைத்திருப்பவர் ஒருவர் காலையில் கடை முகப்பைக் கழுவி விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நீர் எங்கே போகிறது? சிங்கப்பூரில் நீர் போவதற்கு இரண்டு தனித்தனி வழிகள் உண்டு. சமையலறை நீரும் கழிவறை நீரும் நிலத்தடிக் குழாய் வழியே சுத்திகரிப்பு நிலையத்தைச் சேரும். மழைநீருக்கோ திறந்த லோங்காங்குகளும் கால்வாய்களுமே வழி. அது குளத்திலும் நீர்த்தேக்கத்திலும் சேர்ந்து, சுத்தம் செய்யப்பட்டு, நம் வீட்டுக் குழாய்க்கே திரும்பி வருகிறது. இந்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மழைநீரைப் பிடிக்கும் பகுதி. நீர்த்தேக்கங்கள் 17 உள்ளன. ஆகவே லோங்காங்கில் ஊற்றிய பழைய எண்ணெயும், மீன் கழுவிய நீரும் கண்ணுக்கு மறைகின்றனவேயன்றி ஒழிந்து போவதில்லை.

புக்கிட் பாஞ்சாங்வாசிகள் இதை நேரிலேயே பார்க்கலாம். பாங் சுவா குளம் அழகுக்காக மட்டும் அமைந்த குளமன்று. நகரத்தில் பெய்யும் மழைநீரைச் சேகரிப்பதற்கென்று ஏற்பட்டது. அதன்மேல் மிதக்கும் படுகைகளில் நீர்ச்செடிகள் வளர்க்கப்படுகின்றன. அவற்றின் வேர்கள் நீரில் கரைந்த அழுக்கின் சத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. மாலையில் நடைபாதையில் உலவும் பெரியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ! செடியின் வேர் எவ்வளவுதான் உறிஞ்சினாலும், எண்ணெய்ப் படலத்திற்கு அது மருந்தாகாது. உணவுக் கடைக்காரர் தம் கொழுப்புத் தொட்டியைத் தவறாமல் சுத்தம் செய்வதும், கழுவும் நீரை உட்புறக் குழாயில் விடுவதுமே அதற்கு மருந்து.

சரி, கடைக்காரர் தம் கடமையைச் செய்கிறார். நீர் பற்றிய ஏற்பாடுகளில் அவருடைய அபிப்பிராயத்திற்கு இடமுண்டா? இந்தக் கேள்விக்குச் சிங்கப்பூர் ஆற்றின் சரித்திரத்தில் நம் சமூகத்தவரும் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் இந்த ஆற்றில் தொங்கான்களைச் செலுத்திச் சரக்கு இறக்கியவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியர்கள் முக்கியமானவர்கள். ஆற்றையடுத்த சூலியா தெருவின் பெயர் இன்றும் அதற்குச் சாட்சி. பிற்காலத்தில் அத்தொழில் சீனர் கைக்குச் சென்றது. ஆறும் குப்பையும் எண்ணெயும் மண்டி நாற்றமெடுத்தது.

1977 பிப்ரவரி 27-ஆம் நாள் அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில், பத்து ஆண்டுகளுக்குள் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கும் நிலை வரவேண்டும் என்று பிரதமர் லீ குவான் இயூ கூறினார். 1987-க்குள் அது நடந்தேறியது. அதற்காக ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் இடம் மாறின. 5,000 வரையிலான தெரு வியாபாரிகள் உணவங்காடிகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. 1983-இல் தொங்கான்கள் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்டன.

ஆறு சுத்தமானது பெரிய நன்மை என்பதில் ஐயமில்லை. இல்லையேல் 2008-இல் மரினா அணைக்கட்டுக் கட்டி ஆற்று முகத்துவாரத்தையே நன்னீர்த் தேக்கமாக்கியிருக்க முடியாது. தெரு வியாபாரிக்கு கூரையும் குழாயும் கிடைத்ததும் உண்மையே. ஆயினும் அந்த ஏற்பாடு பெரும்பாலும் மேலிருந்து வந்தது. வாடிக்கையை நம்பி ஒரே மூலையில் பல்லாண்டு உட்கார்ந்திருந்தவருக்கு இடம் மாறுவது என்றால் என்ன என்பது வியாபாரம் செய்பவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. புதிய இடம் சுத்தமாக இருக்கலாம். பழைய வாடிக்கைக்காரர் அங்கே வரவேண்டுமே!

பிறகு முறை சற்று மாறியது. 2006-இல் பொதுப் பயனீட்டுக் கழகம் துடிப்பான, அழகான, தூய்மையான நீர்நிலைகள் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. நீர்நிலையை வேலி போட்டு ஒதுக்காமல் ஜனங்களை அதனருகே அழைப்பது இதன் நோக்கம். குடியிருப்பாளர், பள்ளிக்கூடங்கள், நிறுவனங்கள் ஆகியோர் நீர்நிலைகளைப் பேணும் பொறுப்பில் பங்கு கொள்கின்றனர். பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் நேராகச் சென்ற கான்கிரீட் கால்வாய், 2012-இல் வளைந்தோடும் ஆறாக மாற்றப்பட்டது. இன்று அங்கே பிள்ளைகள் நீரில் இறங்கி விளையாடுகிறார்கள்.

இனிக் கடலுக்கு வருவோம். கரையோரப் பாதுகாப்பும் 2020 முதல் இதே கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. இந்நூற்றாண்டின் இறுதிக்குள் கடல் மட்டம் சுமார் ஒரு மீட்டர் உயரக்கூடும் என்று விஞ்ஞானிகள் கணிக்கின்றனர். கிழக்குக் கரைக்கு அப்பால் சுமார் 800 ஹெக்டரில் நிலம் மீட்டு, நீண்ட தீவு அமைக்கும் திட்டம் 2023-இல் அறிவிக்கப்பட்டது. அதில் ஒரு நீர்த்தேக்கமும் உண்டு. பொதுமக்களின் அபிப்பிராயமும் கேட்கப்பட்டது. புக்கிட் பாஞ்சாங்கிற்கு வடக்கே சுங்கை காடுட், லிம் சூ காங் கரைகளும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. சுங்கை காடுட்டில் மரக்கடையும் தொழிற்கூடங்களும் இருப்பதை நாம் அறிவோம். அங்கே கரையை உயர்த்தினாலும் அணை கட்டினாலும், லாரி போகும் பாதையும் கிடங்கும் அதில் சம்பந்தப்படாமல் இரா.

இத்தகைய கருத்தறியும் கூட்டங்களுக்கு ஓய்வு பெற்றவர்களும் மாணவர்களும் போகிறார்கள். கடைக்காரர், கடையை யாரிடம் விட்டுப் போவது என்று இருந்துவிடுகிறார். ஒரு வரிசைக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒருவரை அனுப்பினால் போதும். அவர் கேட்கவேண்டியவை அதிகமில்லை: தோண்டும் வேலை எந்த மாதத்தில் தொடங்கி எப்போது முடியும்? தகர வேலி கடை முகப்பை மறைக்குமா? சரக்கு இறக்க வேறு வழி எது? பெருமழையில் எங்கள் வரிசையில் நீர் ஏறும் இடத்தைத் திட்ட வரைபடத்தில் குறித்திருக்கிறீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கான விடை கடைக்காரருக்கே நன்றாகத் தெரியும். எந்தப் படிக்கட்டு வரை நீர் வந்தது, எத்தனை மூட்டை நனைந்தது என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுதி, அதையும் கையில் கொண்டுபோகட்டும்.