அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

டங்கன் நிறுவனத்தின் இம்பீரியல், பட்டர்ஃபிளை யோ-யோக்கள் பல பத்தாண்டுகளாக ஏறக்குறைய அதே உருவத்தில்தான் வருகின்றன. பிளாஸ்டிக்கை மட்டும் பார்த்து வயதைச் சொல்வது பழகிய கண்ணுக்கே சிரமம். அதனால் அமெரிக்கப் பழம்பொருள் சந்தைகளில் உறை பிரிக்காத யோ-யோ கிடைத்தால் முதலில் அட்டையின் பின்பக்கத்தைப் படிப்பேன்.

முகவரியில் ஐந்து இலக்க ஜிப் கோடு, அதாவது அமெரிக்க அஞ்சல் குறியீடு, இருந்தால் அது 1963-க்கு முந்தையதாக இருக்க வழியில்லை. ஃபிளாம்போ நிறுவனத்தின் பெயரோ அதன் ஊரான விஸ்கான்சினின் பராபூவோ தென்பட்டால், பெரும்பாலும் 1968-க்குப் பிந்தையது. நொடித்துப்போன டங்கனின் பெயரை ஃபிளாம்போ வாங்கியது அப்போதுதான். பார்கோடு என்றால் எழுபதுகளின் நடுப்பகுதிக்கு முன்னால் போகவே வேண்டாம். ‘ஐம்பதுகளின் சரக்கு’ என்று சத்தியம் செய்த வியாபாரி ஒருவரிடம் அந்தக் கோடுகளைக் காட்டினேன். சிரித்துக்கொண்டே விலையைப் பாதியாக்கினார். நிறம் பிடித்திருந்ததால் வாங்கிக்கொண்டேன்.

வேறு நிறுவனத்தின் அட்டையில் ‘ரிட்டர்ன் டாப்’ என்று இருந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். யோ-யோ என்பது டங்கனுக்கு மட்டும் உரியதல்ல, பொதுப்பெயர்தான் என்று 1965-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை, டங்கனின் வழக்குக்குப் பயந்து பலர் அப்படித்தான் சுற்றிவளைத்தார்கள்.

அடுத்தது அட்டையின் மேல் யோ-யோவை மூடியிருக்கும் பிளாஸ்டிக் குமிழ். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து அதன் ஓரத்தைப் பாருங்கள். தொழிற்சாலையில் சூட்டில் ஒட்டியது ஒரே அகலத்தில் பட்டையாக ஓடும். பிரித்து மறுபடி ஒட்டியதென்றால் பசை ஓரம் தாண்டிப் பளபளக்கும். அட்டையின் மேல்தாள் இழை இழையாகக் கிளம்பியிருக்கும். குமிழ் மஞ்சளித்திருந்தால் நான் கவலைப்படுவதில்லை, வயதானால் அப்படித்தான். ஆனால் காடி நெடி அடித்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பழைய செல்லுலோஸ் வகை பிளாஸ்டிக் சிதையும்போது வரும் அமில ஆவி அது. பக்கத்தில் இருப்பவற்றையும் கெடுக்கும்.

வீட்டில் வெயில் படாத இடத்தில், பாலிபுரொப்பிலீன் உறையில் நிறுத்தி வையுங்கள். மெத்தென்ற பிவிசி உறையும் ரப்பர் பேண்டும் ஆகவே ஆகாது. கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டைப் பிய்க்காதீர்கள். அச்சும் சேர்ந்து உரிந்துவரும்.

சுழற்றிப் பார்க்கக் கை துறுதுறுத்தால் உறையில்லாத உதிரி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நூலை மட்டும் மாற்றிவிடுங்கள். பழைய பருத்தி நூல் இற்றுப்போயிருக்கும். முதல் வீச்சிலேயே அறுந்து யோ-யோ ஜன்னல் கண்ணாடிக்குப் போய்விடும்.