ஏட்டு லாபமும் பெட்டிப் பணமும்

வணிகப் பெருமக்களில் பலர் இன்று பங்குகளும் வாங்குகிறோம். பிரிட்டனின் கரில்லியன் நிறுவனம் நமக்கு ஒரு பாடம். கட்டுமானமும், அரசுப் பணிகளை ஒப்பந்தத்தில் செய்து தருவதும் அதன் தொழில். டிவிடெண்டை ஆண்டுதோறும் உயர்த்தியது. 2017 ஜூலையில் 84.5 கோடி பவுண்டைக் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்ததும் பங்கு விலை சரிந்தது. ‘மலிவு, வாங்கலாம்’ என்றனர் சிலர். ‘கடன் மிகுதி, வேண்டாம்’ என்றனர் சிலர். 2018 ஜனவரி 15இல் திவாலானது. கையிருப்பு 2.9 கோடி பவுண்டு. கொடுக்க வேண்டியதோ சுமார் 700 கோடி. பங்கு செல்லாக்காசானது.

சரக்கு தந்தவர்களுக்கு அது வைத்த தவணை 120 நாள். முன்னதாகப் பணம் வேண்டுமானால் கழிவு தர வேண்டும். பாக்கியை இப்படி இழுக்கும் கடைக்கு நாம் கடன் சரக்கு போடுவோமா? பங்கு வாங்குமுன்பும் இதையே கேட்போம்.