தாடை வலித்தால் பட்டினி வேண்டாம்

காதுக்கு முன்னால் விரலை வையுங்கள். வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் ஏதோ அசைகிறது அல்லவா? அதுதான் தாடை மூட்டு. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று உண்டு. எலும்பும் எலும்பும் உரசாமல் இருக்க நடுவே ஒரு சிறு வட்டு இருக்கிறது. சாப்பிட, பேச, கொட்டாவி விட, எல்லாவற்றுக்கும் இந்த மூட்டு வேண்டும்.

முழங்கால் வலித்தால் உட்கார்ந்து கொள்ளலாம். தாடை வலித்தால் சாப்பிடாமல் இருக்க முடியுமா?

கர்நாடகத்தில் கோலார் தங்கவயல் இருக்கிறது. அங்கே 2001-இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. இப்போது பலர் தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். அவர்களில் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். விடியும் முன்பே ரயில். பிறகு நாள் முழுவதும் தையல் எந்திரம். காலையில் எழும்போதே அவருக்குத் தாடை வலிக்கிறது. காதும் வலிக்கிறது. சோற்றை மெல்லும்போது ‘கடக்’ என்று சத்தம் கேட்கிறது.

“கடைவாய்ப் பல்லுதாம்மா. பிடுங்கிப் போட்டுடு, சரியாயிடும்” என்கிறார் மாமியார்.

பல்லைப் பிடுங்கியாயிற்று. வலி போகவில்லை. பல் போனதுதான் மிச்சம். மெல்லப் பயந்து வெறும் கஞ்சித் தண்ணீர் குடிக்கிறார். உடம்பு இளைக்கிறது. வேலை செய்யும் இடத்தில் தலை சுற்றுகிறது.

அரசு மருத்துவமனையில் பல் டாக்டர் காதோரம் அழுத்திப் பார்க்கிறார்.

“தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிப்பீங்களாம்மா?”

“ஆமா டாக்டர். வீட்டுக்காரர் சொல்லுவாரு.”

“இது பல் வலி இல்லம்மா. மூட்டு வலி. மூட்டுக்குத்தான் ஓய்வு வேணும். வயித்துக்கு இல்ல.”

பல்லைக் கடிப்பது ஒரு காரணம். கவலை, அடிபடுதல், மூட்டுவாதம் இவையும் காரணமாகலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம். கவனமாக இருந்தால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் குறைந்துவிடும். வலி இல்லாமல் சத்தம் மட்டும் வந்தால் வைத்தியமே வேண்டாம்.

என்ன சாப்பிடலாம்? தங்கவயல்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. அந்தப் பக்கத்தில் கேழ்வரகுக் களியை மெல்ல மாட்டார்கள். கிள்ளி, உருட்டி, குழம்பில் தோய்த்து விழுங்குவார்கள். தாடைக்கு வேலையே இல்லை. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். உருண்டை மட்டும் சிறிதாக இருக்கட்டும். வாயைப் பெரிதாகத் திறக்கக் கூடாது.

களி பிடிக்காதவர்கள் சோற்றைக் குழைய வேக வைக்கலாம். ஆனால் சோறும் கஞ்சியும் மட்டும் போதாது. பாசிப்பருப்பையும் கீரையையும் சேர்த்து வேக வைத்துக் கடையுங்கள். அவித்த முட்டையைச் சிறு துண்டுகளாக நறுக்குங்கள். முள் எடுத்த மீன், தயிர், இட்லி, வாழைப்பழம், பப்பாளி எல்லாம் நல்லவை. சப்பாத்தியைப் பிய்த்துப் பருப்பில் ஊற வையுங்கள். கொய்யாவைக் கடிக்காதீர்கள். பழுத்ததாகப் பார்த்து மெல்லிசாக நறுக்குங்கள்.

முறுக்கு, கரும்பு, வறுத்த வேர்க்கடலை, எலும்புக் கறி இவற்றைக் கொஞ்ச காலம் ஒதுக்குங்கள். கல்யாண வீட்டில் முறுக்கு தருவார்கள். வாங்கி முந்தானையில் முடிந்து கொண்டால் போகிறது. பிள்ளைகளுக்கு ஆகும்.

சாப்பிடும் முன் வெதுவெதுப்பான துணியால் தாடையில் 10 நிமிடம் ஒற்றடம் கொடுங்கள். கொட்டாவி வந்தால் தாடைக்கு அடியில் கையைக் கொடுங்கள். சும்மா இருக்கும்போது உதடுகள் மூடியிருக்கட்டும். ஆனால் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்ட வேண்டாம். அந்தப் பெண்ணுக்கு இதுதான் கஷ்டமாக இருக்கிறது. ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் பல் தானாக இறுகுகிறது. நினைவு வரும்போது விடுகிறார். மறுபடி இறுகுகிறது. மறுபடி விடுகிறார்.

எல்லாத் தாடை வலியும் மூட்டு வலி அல்ல. மூன்று விரல்களைச் சேர்த்து வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். பெரும்பாலோருக்கு நுழையும். பாக்கு, குட்கா போடுகிறவருக்கு நாளுக்கு நாள் வாய் திறப்பது குறைந்தால், அது வேறு நோயாக இருக்கலாம். கன்னத்தின் உள்தோல் இறுகிப்போகும் நோய் அது. புற்றுநோயாகவும் மாறக்கூடும். பாக்கை அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். தாடை வீங்கிக் காய்ச்சல் வந்தாலும், திறந்த வாய் மூடாமல் நின்றுவிட்டாலும் உடனே போக வேண்டும்.

தாடை வலியோடு நெஞ்சு அழுத்துகிறதா? வியர்த்துக் கொட்டுகிறதா? அது இருதயக் கோளாறாக இருக்கலாம். ஒற்றடம் கொடுத்துக் கொண்டிருக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள்.