கடிகாரத்தை நம்பாதவர்கள்



போன மாதம் நம் ஞாயிறு வகுப்பில் கர்ம யோகம் பாடம். பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய் என்று கண்ணன் அர்ச்சுனனுக்குச் சொன்னதை விளக்கிக்கொண்டிருந்தேன். படிவம் 4 படிக்கும் ஒரு தங்கை கையைத் தூக்கினாள். பள்ளி ஓட்டப் பந்தயத்தில் அவள் முதலாவதாக வந்தும், கோட்டை மிதித்துவிட்டாள் என்று நடுவர் பெயரை நீக்கிவிட்டாராம். "அப்போ அநியாயம் நடந்தாலும் வாயை மூடிக்கிட்டுப் போகணுமா அண்ணே? அதுதான் கர்ம யோகமா?" என்று கேட்டாள்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. அடுத்த வாரம் பேசலாம் என்று தப்பித்துக்கொண்டேன். வீட்டில் உட்கார்ந்து யோசித்தபோது நினைவுக்கு வந்தவர், ஹவாய் நீச்சல் வீரர் டியூக் கஹானமோகு.

'டியூக்' என்பது பட்டம் இல்லை, பெயர்தான். 1869இல் ஹவாய்க்கு வந்த எடின்பரோ டியூக்கின் நினைவாக அவருடைய அப்பாவுக்கு வைத்த பெயர், மகனுக்கும் வந்தது. 1890இல் அவர் ஹொனலூலுவில் பிறந்தபோது ஹவாய் தனி அரசு. 1893இல் அரசியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 1898இல் அமெரிக்கா தீவுகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பின்னாளில் அந்த அமெரிக்காவுக்காகத்தான் அவர் நீந்தினார். இதைப் பேசப் போனால் தனி வகுப்பே வேண்டும், இப்போதைக்கு விடுங்கள்.

1911 ஆகஸ்டு 11. போட்டி நடந்தது நீச்சல் குளத்தில் இல்லை, ஹொனலூலு துறைமுகத்து உப்புத் தண்ணீரில். 100 கெஜ தூரத்தை டியூக் 55.4 விநாடியில் கடந்தார். அன்றைய உலகச் சாதனையைவிட 4.6 விநாடி குறைவு! நீச்சலில் அரை விநாடியே பெரிய விஷயம். முடிவைக் கேட்ட அமெரிக்கத் தலைமைச் சங்கம் நம்பவில்லை. கடிகாரம் சரியில்லை என்றார்கள். கடல் நீரோட்டம் தள்ளிவிட்டிருக்கும் என்றார்கள். சாதனையை அப்போது ஏற்கவில்லை.

ஹொனலூலு மக்கள் அதோடு விட்டுவிடவில்லை. பணம் வசூலித்து அவரை அமெரிக்கப் பெருநிலத்துக்கு அனுப்பினார்கள். அங்கே தேர்வுப் போட்டிகளில் நீந்தி ஒலிம்பிக் அணியில் இடம் பிடித்தார்.

1912, ஸ்டாக்ஹோம். அரையிறுதி நேரத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதால் டியூக்கும் மற்ற அமெரிக்க வீரர்களும் வரவே இல்லை. விதிப்படி அவர்கள் வெளியே. ஆஸ்திரேலிய வீரர் செசில் ஹீலிக்குத் தங்கம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் அவர்களுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று வாதாடியவரே அவர்தான். கூடுதலாக ஓர் அரையிறுதி நடத்தினார்கள். இறுதிப் போட்டியில் 100 மீட்டரில் டியூக் 1 நிமிடம் 3.4 விநாடி, தங்கம். ஹீலி 1 நிமிடம் 4.6 விநாடி, வெள்ளி.

1916 ஒலிம்பிக் போரால் நடக்கவில்லை. 1920இல் ஆண்ட்வெர்ப்பில் டியூக் மறுபடியும் 100 மீட்டர் தங்கம் வாங்கியபோது வயது 30. 1924இல் பாரிசில் இளைஞர் ஜானி வைஸ்முல்லரிடம் தோற்றார். வெள்ளி டியூக்குக்கு, வெண்கலம் அவருடைய தம்பி சாமுக்கு. மறு ஆண்டு கலிபோர்னியாக் கடலோரத்தில் ஒரு படகு கவிழ்ந்தபோது, அலைச்சறுக்குப் பலகையோடு திரும்பத் திரும்பக் கடலுக்குள் போய் 8 பேரைக் கரைக்குக் கொண்டுவந்தார். அங்கே நேரம் குறிக்க யாரும் நிற்கவில்லை.

மறு வாரம் இதையெல்லாம் வகுப்பில் சொன்னேன். கீதையில் வில்லைக் கீழே போட்டவன் அர்ச்சுனன். அவனைக் கண்ணன் எழுந்து நில் என்றுதானே சொன்னார்? பலனில் பற்றை விடு என்றால் நியாயம் கேட்பதை விடு என்று அர்த்தம் இல்லை. கேட்டும் கிடைக்காமல் போனால் அதற்காக ஓட்டத்தை நிறுத்திவிடாதே, அவ்வளவுதான். ஹீலி கேட்டது தனக்காகக்கூட இல்லை, எதிராளிக்காக. டியூக்கைவிட எனக்கு அவரைத்தான் அதிகம் பிடிக்கிறது.

"அந்த ஹீலிக்கு அப்புறம் என்ன ஆச்சு?" என்றாள் அந்தத் தங்கை.

முதல் உலகப் போரில் சேர்ந்தார், 1918 ஆகஸ்டில் பிரான்சில் இறந்துபோனார் என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

வகுப்பு முடிந்ததும் அவள், "லெட்டர் எழுதலாமா அண்ணே?" என்றாள். இருவரும் உட்கார்ந்து மலாயில் ஒரு முறையீட்டுக் கடிதம் எழுதினோம். பதில் இன்னும் வரவில்லை. அவள் மாலையில் பயிற்சிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள்.