அம்பாசிடரும் கிரெட்டாவும்: ஓர் ஒப்பீடு

கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. சுரங்கத் தொழிலாளியாயிருந்த என் அண்ணன், கைக்கு வந்த பணத்தில் பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டினார். பங்காருப்பேட்டை ரயிலடிக்கும் வேலூர் ஆஸ்பத்திரிக்கும் எத்தனை பேரை ஏற்றிச் சென்றிருப்பார்! அவர் பிள்ளைகளைப் படிக்க வைத்தது அந்த வண்டிதான்.

சென்ற ஆண்டு அவர் மகன் ஹூண்டாய் கிரெட்டா வாங்கினான். அண்ணன் அதன் கதவைத் தட்டிப் பார்த்து, "வெறும் தகரம்டா! மோதினா நசுங்கிடும். பேத்தியை இதிலே ஏத்த மாட்டேன்" என்றுவிட்டார். அறிவியல் ஆசிரியனாயிருந்த என்னிடம் வழக்கு வந்தது. அன்று அவருக்குச் சொன்னதையே வாசக அன்பர்களுக்கும் சொல்கிறேன்.

1. அளவு

1957 முதல் 2014 வரை தயாரான அம்பாசிடர், நமக்குப் 'பெரிய கார்'. ஆனால் அதன் நீளமும் கிரெட்டாவின் நீளமும் ஒன்றே. ஏறத்தாழ 433 செ.மீ. அகலத்தில் கிரெட்டா 13 செ.மீ. கூடுதல். முன் பின் சக்கரங்களின் இடைவெளியும் 246-லிருந்து 261 செ.மீ. ஆகியிருக்கிறது. எடையிலும் கிரெட்டாவே கனம்.

அம்பாசிடரில் எஞ்சின் நீளவாக்கில் இருக்கும். அதன் விசை நீண்ட தண்டின் வழியே பின்சக்கரங்களுக்குப் போகும். கிரெட்டாவில் எஞ்சின் குறுக்காக அமர்ந்து முன்சக்கரங்களையே சுழற்றுகிறது. இயந்திரத்துக்கான இடம் குறைந்து, மனிதருக்கான இடம் கூடுகிறது.

2. மோதல்

வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைக் கையைப் பின்னுக்கு இழுத்தபடி பிடிக்கிறோம். ஏன்? பந்து நிற்க எடுக்கும் நேரம் நீண்டால், கையில் படும் விசை குறையும். கிரெட்டாவின் முன்பகுதி மோதலில் மடங்குவது இதற்காகத்தான். அது நசுங்குவதால் உள்ளிருப்பவர் சற்று மெதுவாக நிற்கிறார். ஆட்கள் அமரும் கூடோ உறுதி மிக்க எஃகினால் ஆனது. அது எளிதில் மடங்காது. ஆறு காற்றுப்பைகளும் உண்டு.

அம்பாசிடரின் தகடு தடிமன்தான். ஆனால் இப்படித் திட்டமிட்டு மடங்கும் பகுதியும் காற்றுப்பையும் அதில் இல்லை. வண்டிக்கு அடி குறைவாகத் தெரியும். அந்த அதிர்ச்சி ஆளுக்குப் போய்ச் சேரும். வேகம் 40 கிலோமீட்டரிலிருந்து 80 ஆனால், மோதலின் ஆற்றல் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. நம் பழைய சாலையில் ஓடிய வேகம் வேறு, இன்றைய நெடுஞ்சாலையின் வேகம் வேறு.

3. புதியதன் குறை

மகனுக்கும் ஒரு சொல் சொன்னேன். எஸ்.யு.வி.க்களின் முன்மூடி உயரமானது. மிக அருகில் நிற்கும் சிறு குழந்தை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. நம் லைன் வீடுகளின் முன்னே குழந்தைகள் ஓடியாடும் இடம். வண்டியை எடுக்குமுன் இறங்கி ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும். இருக்கைப் பட்டை அணியாதவருக்குக் காற்றுப்பையே ஆபத்தாகலாம். குழந்தையை மடியில் வைத்து முன்னிருக்கையில் அமர்வது எந்த வண்டியிலும் கூடாது.

அண்ணன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ இத்தனை வருஷம் மடியிலே வெச்சுக்கிட்டுப் போனேனே?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மறுவாரம் வேலூருக்குக் கிரெட்டாவில் போனார்கள். பேத்தி பின்னால், குழந்தைக்கான தனி இருக்கையில். பக்கத்தில் அண்ணன், பட்டை மாட்டிக்கொண்டு. அம்பாசிடர் இன்னும் வாசலில் நிற்கிறது. ஞாயிறுதோறும் அண்ணன்தான் அதைத் துடைக்கிறார்.