இரண்டு சுற்று ஓட்டம்

800 மீட்டர் என்றால் எவ்வளவு தூரம்? ஒரு கிலோமீட்டருக்கு 200 மீட்டர் குறைவு. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் தினமும் இதைவிட அதிக தூரம் நடக்கிறார்கள். மேடு ஏறுகிறார்கள். பள்ளம் இறங்குகிறார்கள். சாதாரணமாக நடந்தால் 800 மீட்டர் போக ஏறக்குறைய 10 நிமிடம் ஆகும்.

இதே தூரத்தை ஏறக்குறைய 2 நிமிடத்தில் ஓடிக் கடந்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் நம் இடுக்கி மாவட்டத்துக்காரர்கள். ஒருவர் தொடுபுழாவைச் சேர்ந்த ஷைனி. இன்னொருவர் கொம்பொடிஞ்சாலைச் சேர்ந்த பீனாமோள். இருவரும் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஓடினார்கள். இருவருமே தென்கொரியா நாட்டில்தான் ஓடினார்கள். ஒருவர் 1986இல் ஓடினார். மற்றவர் 2002இல் ஓடினார்.

அவர்கள் கதையைப் படிப்போம். அதற்கு முன்னால் ஓடும் பாதையைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

ஓடும் பாதை

பந்தயப் பாதை நீள்வட்டமாக இருக்கும். இரண்டு பக்கம் நேராகப் போகும். இரண்டு பக்கம் வளைந்து போகும். உள்பக்கமாக ஒரு சுற்று ஓடினால் 400 மீட்டர். இரண்டு சுற்று ஓடினால் 800 மீட்டர்.

பாதை முழுவதும் வெள்ளைக் கோடுகள் போட்டிருப்பார்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவில் உள்ள இடத்துக்குத் தடம் என்று பெயர். பெரிய மைதானங்களில் பொதுவாக 8 தடங்கள் இருக்கும். ஒரு தடத்தின் அகலம் 1 மீட்டர் 22 சென்டிமீட்டர்.

800 மீட்டர் ஓட்டம் தொடங்கும்போது பாருங்கள். எல்லோரும் ஒரே வரிசையில் நிற்க மாட்டார்கள். உள்தடத்தில் இருப்பவர் பின்னால் நிற்பார். வெளித்தடத்தில் இருப்பவர் முன்னால் நிற்பார். "இது என்ன அநியாயம்? ஒருவரை மட்டும் முன்னால் நிறுத்தலாமா?" என்று தோன்றும்.

இது அநியாயம் இல்லை. சூரியநெல்லி சாலையின் வளைவை நினைத்துப் பாருங்கள். இரண்டு பேர் கை கோத்து அந்த வளைவில் நடக்கிறார்கள். உள்பக்கம் நடப்பவருக்குத் தூரம் குறைவு. வெளிப்பக்கம் நடப்பவருக்குத் தூரம் அதிகம். அவர் எட்டி நடக்க வேண்டும். பந்தய வளைவிலும் அப்படித்தான். வெளித்தடத்தின் வளைவு நீளமானது. அதை ஈடு செய்யத்தான் அவரை முன்னால் நிறுத்துகிறார்கள். அப்போதுதான் எல்லோருக்கும் ஓட வேண்டிய தூரம் சமமாகும்.

முதல் வளைவு முடியும் வரை அவரவர் தடத்தில்தான் ஓட வேண்டும். வளைவு முடியும் இடத்தில் ஓர் அடையாளக் கோடு இருக்கும். அதைத் தாண்டிய பிறகு எல்லோரும் உள்பக்கம் வரலாம். அதற்கு முன்னால் உள்ளே வந்தால் தூரம் குறைந்துவிடும். அது விதிமீறல். அப்படி ஓடியவருக்குப் பரிசு கிடையாது.

ஷைனியின் ஓட்டம்

ஷைனி ஆபிரகாம் 1965இல் பிறந்தவர். திருமணத்துக்குப் பிறகு ஷைனி வில்சன் என்று அழைக்கப்பட்டார். 1984இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. அப்போது ஷைனிக்கு வயது 19. அங்கே 800 மீட்டரில் அரையிறுதி வரை போனார்.

இரண்டு ஆண்டு கழிந்தது. 1986இல் தென்கொரியாவின் சியோல் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. 800 மீட்டரில் ஷைனி எல்லோருக்கும் முன்னால் ஓடினார். ஆனால் அவருக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. அடையாளக் கோடு வருவதற்கு முன்பே அவர் தன் தடத்தை விட்டு உள்ளே வந்துவிட்டார். நடுவர்கள் அவரைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள்.

எத்தனை ஆண்டு உழைப்பு! கால் வைத்த இடம் தவறியதால் எல்லாம் போயிற்று. வேறு யாராக இருந்தாலும் மனம் உடைந்து போவார்கள். ஷைனி அதோடு நிற்கவில்லை. அதே சியோல் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். அந்த ஓட்டத்தில் தங்கம் வாங்கியவர் பி.டி. உஷா. பிறகு இருவரும் இன்னும் இரண்டு பெண்களோடு சேர்ந்து தொடர் ஓட்டம் ஓடினார்கள். அதில் இந்தியாவுக்குத் தங்கம் கிடைத்தது.

1992இல் பார்சிலோனா ஒலிம்பிக் போட்டி நடந்தது. தொடக்க விழாவில் இந்திய அணிக்கு முன்னால் தேசியக் கொடியைப் பிடித்து நடந்தவர் ஷைனி. ஒலிம்பிக்கில் இந்தியக் கொடியைப் பிடித்த முதல் பெண் அவர்தான்.

1995இல் சென்னையில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அப்போது ஷைனிக்கு வயது 30. அவர் தாயாகவும் ஆகியிருந்தார். அங்கே 800 மீட்டரை 1 நிமிடம் 59.85 விநாடியில் ஓடி முடித்தார். இது தேசியச் சாதனை. இந்தச் சாதனை 2010 வரை நிலைத்து நின்றது. அந்த ஆண்டு கண்ணூர் மாவட்டத்தைச் சேர்ந்த டின்டு லூகா அதை முறியடித்தார்.

அக்காளும் தம்பியும்

சியோலில் கை நழுவிய தங்கம் இடுக்கிக்கு வர 16 ஆண்டு ஆயிற்று.

கொம்பொடிஞ்சால், அடிமாலிப் பக்கத்து மலையூர். பீனாமோள் 1975இல் அங்கே பிறந்தார். அவருடைய தம்பி பெயர் பினு. அவரும் ஓட்டக்காரர்.

2002இல் தென்கொரியாவின் பூசான் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அக்காளும் தம்பியும் இந்திய அணியில் இருந்தார்கள். பெண்கள் 800 மீட்டரில் பீனாமோள் ஓடினார். 2 நிமிடம் 4 விநாடியில் முதலாவதாக வந்தார். தங்கப் பதக்கம் வாங்கினார். ஆண்கள் 800 மீட்டரில் பினு ஓடினார். இரண்டாவதாக வந்து வெள்ளிப் பதக்கம் வாங்கினார். பெண்கள் தொடர் ஓட்டத்திலும் பீனாமோள் ஓடினார். அதிலும் இந்தியாவுக்குத் தங்கம்.

ஒரே வீட்டுப் பிள்ளைகள். மகளும் ஓடினாள். மகனும் ஓடினான். இருவரும் பதக்கத்தோடு வந்தார்கள். மத்திய அரசு பீனாமோளுக்குக் கேல் ரத்னா விருது கொடுத்தது. 2004இல் பத்மஸ்ரீ விருதும் கொடுத்தது.

இன்னொரு கணக்கையும் கேளுங்கள். ஓடுவது, தாண்டுவது, எறிவது ஆகிய போட்டிகளுக்குத் தடகளம் என்று பெயர். பூசானில் தடகளத்தில் இந்தியாவுக்கு 7 தங்கம் கிடைத்தது. அதில் 6 தங்கம் பெண்கள் வாங்கியவை. ஆண்கள் வாங்கியது 1.

நம் வீட்டில் புறப்படும் கோடு

மைதானத்தில் யாருக்கும் தூரம் கூடக் கூடாது, குறையவும் கூடாது என்று அளந்து நிறுத்துகிறார்கள். நம் வீட்டில் அப்படி அளந்து நிறுத்துகிறோமா?

பள்ளி விட்டதும் பையன் பந்தை எடுத்துக்கொண்டு போகிறான். பெண் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போகிறாள். அடுப்பு பற்ற வைக்கிறாள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறாள். பள்ளியில் ஓட்டப் பந்தயம் என்றால், "வயசுப் பிள்ளை ஓடலாமா?" என்று கேட்கிறோம். அவளை எல்லோருக்கும் பின்னால் நிறுத்திவிட்டு, "பொம்பளைப் பிள்ளையால் முடியாது" என்று சொல்கிறோம்.

மலையில் ஏறி இறங்கி வளரும் பிள்ளைகளுக்குக் காலில் பலம் உண்டு. ஆனால் பலம் மட்டும் போதாது. பயிற்சி வேண்டும். விதி தெரிய வேண்டும். நல்ல சாப்பாடு வேண்டும். வீட்டில் ஆதரவு வேண்டும்.

பெற்றோர் செய்யக் கூடியவை இவை:

1. பள்ளியில் விளையாட்டு விழா எந்தத் தேதியில் என்று கேளுங்கள். அறிவிப்பை நீங்களே படியுங்கள்.
2. மகள் பெயரையும் மகன் பெயரையும் கொடுங்கள்.
3. வயதை வைத்துத்தான் பிரிவு பிரிப்பார்கள். பிறப்புச் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள்.
4. பள்ளியில் ஜெயித்தால் அடுத்து உபஜில்லா. பிறகு ஜில்லா. பிறகு மாநிலம். அனுப்பி வைக்கத் தயங்காதீர்கள். கூட வரும் ஆசிரியர் யார், எங்கே தங்குவார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.
5. கிடைக்கும் சான்றிதழ்களைத் தூக்கிப் போடாதீர்கள். கல்லூரியில் சேரவும் வேலைக்கு மனுப் போடவும் அவை உதவலாம்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் பதக்கம் கிடைக்காது. 8 பேர் ஓடினால் ஒருவர்தான் முதலில் வர முடியும். ஆனால் 8 பேரும் கோட்டில் நிற்கலாம். நம் வீட்டுப் பெண்ணும் அங்கே நிற்கட்டும்.

சொல் அறிவோம்

தடம் – ஒருவர் ஓடுவதற்காகக் கோடு போட்டுப் பிரித்த இடம்
விதிமீறல் – சட்டத்தை மீறுவது
நடுவர் – போட்டியில் தீர்ப்புச் சொல்பவர்
தொடர் ஓட்டம் – ஒருவர் ஓடி முடித்ததும் கையில் உள்ள சிறு தடியை அடுத்தவரிடம் கொடுக்க, அவர் தொடர்ந்து ஓடுவது
சாதனை – இதுவரை யாரும் செய்யாத அளவு

விடை சொல்லுங்கள்

1. வெளித்தடத்தில் இருப்பவரை ஏன் முன்னால் நிறுத்துகிறார்கள்?
2. சியோலில் 800 மீட்டரில் ஷைனிக்குப் பதக்கம் ஏன் கிடைக்கவில்லை?
3. பீனாமோளும் பினுவும் எந்த நகரில் பதக்கம் வாங்கினார்கள்?

கணக்குப் போடுவோம்

1. 1 நிமிடத்துக்கு 60 விநாடி. 2 நிமிடம் 4 விநாடி என்றால் மொத்தம் எத்தனை விநாடி?
2. பீனாமோள் இரண்டு சுற்று ஓடினார். சராசரியாக ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி?

(விடை: 124 விநாடி, 62 விநாடி)

கூடிப் பேசுவோம்

நம் லயத்தில் நன்றாக ஓடும் பெண் பிள்ளைகள் யார் யார்? அவர்கள் பள்ளிப் போட்டியில் கலந்துகொள்கிறார்களா? இல்லை என்றால் தடை எது? தடையை ஒரு தாளில் எழுதுங்கள். அதை நீக்க என்ன செய்யலாம் என்று அதற்குக் கீழே எழுதுங்கள். அடுத்த வகுப்பில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.