நம்பிக்கைகளும் உண்மைகளும்: ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது, ஆனால் எங்கே?

2023இல் மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு நிறைவது நினைவுகூரப்பட்டது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். அதைச் சுற்றிய காலத்தில் தோட்டங்களில் எடுக்கப்பட்ட வீடியோக்கள் ஏராளம். ஹட்டன், நுவரெலியா பக்கத்தில் மட்டும் எடுக்கவில்லை. இறக்குவானை, பலாங்கொடை, கஹவத்தை, எட்டியாந்தோட்டை, தெரணியகல என்று சப்ரகமுவத் தோட்டங்களிலும் இளைஞர்கள் கமராவோடு இறங்கினார்கள். காமன் கூத்து, தேர், பெரட்டு (காலையில் ஆள் கூட்டி வேலை பிரிப்பது), றப்பர் பால்வெட்டு, லயத்து வாசலில் உட்கார்ந்து பாட்டிமார் சொன்ன கதைகள் என்று எல்லாவற்றையும் பதிந்தார்கள். இன்று ஒரு குழுவிடம் போய், “1977 கலவரத்தில் லயத்தை விட்டு ஓடியதைப் பற்றி ஒரு அம்மா பேசினாரே, அந்தத் துண்டு வேண்டும்” என்று கேட்டால், “டிஸ்கிலதான் இருக்கு, தேடணும்” என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. தேட முடியாமல் போவதற்குச் சில நம்பிக்கைகள் காரணம். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: “பிறகு தேடிக்கொள்ளலாம், கம்பியூட்டர் கண்டுபிடித்துத் தரும்.”

கம்பியூட்டர் தேடுவது எழுத்தைத்தான். யாரும் எழுதி வைக்காத ஒன்றை அது தேடித் தராது. சோனி கமரா தன் கோப்புக்குத் தானாக வைக்கும் பெயர் ‘சி0001’. கெனன் வைப்பது ‘எம்விஐ_0001’. கார்டை அழித்துப் புதிதாக்கினால் பல கமராக்கள் எண்ணை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். மூன்று தோட்டங்களில் மூன்று நாள் எடுத்தால் மூன்று ‘சி0001’ சேர்ந்துவிடும். அவசரத்தில் மூன்றையும் ஒரே போல்டரில் கொட்டும்போது கம்பியூட்டர் “மாற்றவா?” என்று கேட்கும். கை “ஆம்” என்று அழுத்தினால், முதல் நாள் எடுத்தது போய்விட்டது.

கோப்ரோவில் இன்னொரு சிக்கல். நீளமான பதிவை அது பல துண்டாக உடைத்து, துண்டின் எண்ணைப் பெயரின் முன்பக்கத்தில் வைக்கிறது. பெயர் வரிசையில் அடுக்கினால் எல்லாப் பதிவுகளின் முதல் துண்டுகளும் ஒன்றாக வந்து, இரண்டாம் துண்டுகள் அடியில் போய்க் கிடக்கும். தேர் இழுக்கத் தொடங்கியது ஒரு மூலையில், நிலைக்கு வந்தது இன்னொரு மூலையில்.

ஆகவே ஒரு நாள், ஒரு இடம், ஒரு கமரா, ஒரு கார்டுக்கு ஒரு போல்டர். பெயரில் முதலில் ஆண்டு, பிறகு மாதம், பிறகு நாள். அப்படி வைத்தால் பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும். கார்டிலிருந்து வீடியோவை மட்டும் பொறுக்கி எடுக்காமல் கார்டு முழுவதையும் அப்படியே பிரதி எடுங்கள். சோனியில் வீடியோவோடு அதே பெயரில் தொடங்கும் ஒரு சிறு எக்ஸ்எம்எல் கோப்பும் வரும். பழைய ஏவிசிஎச்டி கமராக்களில் உள்போல்டர்களின் அமைப்பு குலைந்தால் நீண்ட பதிவின் துண்டுகள் ஒட்டாது. டெராகாப்பி போன்ற, பிரதி எடுத்தபின் சரிபார்க்கும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். இழுத்துப் போட்டது முழுமையாக வந்து சேர்ந்ததா என்று சாதாரணப் பிரதி உங்களுக்குச் சொல்லாது.

நம்பிக்கை: “யூடியூபில் ஏற்றியாச்சு, இனிப் பயமில்லை.”

யூடியூபில் இருப்பது முடிந்த படம், அதுவும் மறுபடி சுருக்கப்பட்டது. எட்டு நிமிடப் படத்துக்காக எடுத்த ஆறு மணி நேர மூலம் அங்கே இல்லை. மூலத்தை முழுதாக இணையத்தில் ஏற்றுவதும் தோட்டத்திலிருந்து லேசான காரியமல்ல. நொடிக்கு 100 மெகாபிட்டில் எடுத்த ஒரு மணி நேரம் 45 ஜிகாபைட். ஏற்றும் வேகம் 5 மெகாபிட் என்றால் அந்த ஒரு மணி நேரத்துக்கு 20 மணி நேரம் வேண்டும்.

பீட்டர் கிரோக் என்ற புகைப்படக்காரர் சொன்ன 3-2-1 வழி நமக்கும் பொருந்தும்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில். களுகங்கை 2017 மேயில் இரத்தினபுரியை மூழ்கடித்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த “வேறு ஊர்” ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. ஒரு டிஸ்க் இரத்தினபுரியில் இருந்தால் இன்னொன்றைக் கேகாலையிலோ அவிசாவளையிலோ உறவினர் வீட்டில் வையுங்கள். ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இரத்தினபுரி. அலுமாரியில் கிடக்கும் பழைய மினிடிவி கசெற்றுகளில் பூஞ்சை ஏற முன்னர் அவற்றைக் கம்பியூட்டருக்கு மாற்றிவிடுங்கள். ஒரு மணி நேரக் கசெற் 13 ஜிகாபைட்தான் வரும்.

நம்பிக்கை: “திகதி கோப்பிலேயே இருக்கும்.”

இருக்கும், ஆனால் எந்தத் திகதி? கோப்பைப் பிரதி எடுத்தால் ‘உருவான திகதி’ பெரும்பாலும் பிரதி எடுத்த நாளாக மாறிவிடும். வட்ஸ்அப்பில் வந்த வீடியோவின் பெயரில் இருக்கும் திகதி போனுக்கு வந்து சேர்ந்த நாளே தவிர எடுத்த நாள் அல்ல. வட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கவும் செய்கிறது. வேறு வழி இல்லாவிட்டால் ‘டொக்யுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்போது மூலக் கோப்பு அப்படியே வரும்.

காமன் கூத்து எடுப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கூத்து விடிய விடிய நடக்கும். பெரும்பாலான போன்கள் எம்பி4 கோப்புக்குள் உலகப் பொது நேரத்தை எழுதுகின்றன. பல கமராக்கள் நம் ஊர் நேரத்தையே எழுதுகின்றன. வித்தியாசம் ஐந்தரை மணி. விடியற்காலை 4 மணிக்குக் காமன் எரிவதைப் போனில் எடுத்தால் கோப்பில் முந்திய நாள் இரவு 10.30 என்று இருக்கும். இரவு 11 மணிக்குக் கமராவில் எடுத்த ரதி மதன் ஆட்டம் அதற்குப் பின்னால் போய் நிற்கும். காமன் எரிந்த பிறகு மதன் ஆடுகிறான்! கூத்தை அறியாத எடிட்டர் கொழும்பில் உட்கார்ந்து இதை அப்படியே வரிசைப்படுத்திவிடக்கூடும். தொடங்குமுன் எல்லாக் கமராவின் நேரத்தையும் ஒன்றாக்கி, ஒரு போன் கடிகாரத்தை எல்லாக் கமராவிலும் சில விநாடி படம் பிடித்துக்கொண்டால் பிறகு எதையும் சரிசெய்துவிடலாம்.

நம்பிக்கை: “தமிழில் எழுதினால் தேடலில் வராது, ஆங்கிலத்திலேயே குறித்துவிடு.”

இந்த நம்பிக்கைக்கு ஒரு காரணம் இருக்கிறது. இலங்கையில் நெடுங்காலம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தோம். பாமினியில் திரையில் தெரிவது தமிழ், கம்பியூட்டர் சேமிப்பது ஆங்கில எழுத்துகள். அப்படி எழுதிய பட்டியலில் யுனிகோட் தமிழில் தேடினால் ஒன்றும் வராது. பழைய பட்டியல்களை யுனிகோடுக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. மாற்றிய பின்னும் ஒரு வேலை உண்டு. ‘ரி’ வரவேண்டிய இடத்தில் துணைக்காலும் விசிறியும் சேர்ந்து உட்கார்ந்திருக்கலாம். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும், கம்பியூட்டருக்கு வேறு. ‘இரத்தினபுரி’யே இதில் மாட்டிக்கொள்கிறது. ‘பலாங்கொடை’யின் ‘கொ’வையும் ஒற்றைக் குறியாகவோ கொம்பும் காலுமாக இரண்டாகவோ சேமிக்க முடியும். சில மென்பொருள்கள் இரண்டையும் ஒன்றென்று அறியும், சில அறியா.

இதைவிடப் பெரிய சிக்கல் நாம் எழுதும் முறையில். இறக்குவானை, ரக்வானை. இரத்தினபுரி, ரத்னபுர. எட்டியாந்தோட்டை, யட்டியந்தோட்டை. ஒரே குழுவில் ஒருவர் தமிழ்ப் பாடசாலையில் படித்தவர், இன்னொருவர் பக்கத்தில் சிங்களப் பாடசாலை மட்டுமே இருந்ததால் சிங்களத்தில் குறிப்பெடுப்பவர். சப்ரகமுவவில் இது சாதாரணம், இதில் குறை ஒன்றுமில்லை. ஊருக்கு ஒரு எழுத்து வடிவத்தைக் குழு கூடி முடிவு செய்து அதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டட்டும். மற்ற வடிவங்களும் சிங்கள, ஆங்கிலப் பெயர்களும் பட்டியலில் பக்கத்து நிரலில் இருக்கட்டும்.

தோட்டத்தின் பெயரில் இன்னும் நுட்பம் வேண்டும். கம்பனி ஏட்டில் ஒரு பெயர் இருக்கும், தோட்டத்தார் வாயில் வேறு பெயர். அதற்குள் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று பிரிவுகள். அதற்குள் நம்பர் மலை. நிர்வாகக் கம்பனி மாறலாம், ஏட்டுப் பெயரும் மாறலாம். மக்கள் வழங்கும் பெயரைக் குறிக்காவிட்டால் இருபது ஆண்டு கழித்து அந்தத் தோட்டத்துப் பிள்ளையே தன் ஊரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

நம்பிக்கை: “இனி ஏஐ எல்லாம் பார்த்துக்கொள்ளும்.”

ஏஐ உதவுகிறது, மறுக்க வேண்டியதில்லை. பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் 2022இல் வந்தது. தமிழும் அதற்குத் தெரியும். ஆனால் அந்த முதல் பதிப்பு பயின்ற 680,000 மணி நேர ஒலியில் மூன்றில் இரண்டு பங்கு ஆங்கிலம். மீதியைத்தான் தமிழ் உட்பட மற்ற மொழிகள் பங்கிட்டுக்கொண்டன. பெரட்டுக் களம், பீலிக்கரை, கைக்காசு, பேர்போடுதல் என்று தோட்டத்து அம்மா பேசும்போது, பக்கத்தில் தப்பும் ஒலித்தால், அது எழுதித் தருவதை வரி வரியாகத் திருத்தியே ஆகவேண்டும். திருத்தத் தோட்டத்துப் பேச்சு தெரிந்தவர் வேண்டும். முகங்களைச் சேர்த்து அடுக்கும் மென்பொருளும் “இது ஒரே ஆள்” என்றுதான் சொல்லும். அந்த ஆள் யார் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

நம்பிக்கை: “காட்சியில் என்ன இருக்கிறது என்று எழுதினால் போதும்.”

இதுதான் எனக்கு மிகவும் வலிக்கும் இடம். எந்தத் தோட்டக் காணொளித் தொகுப்பைத் திறந்தாலும் ‘கொழுந்து பறிக்கும் பெண்’ என்ற குறிப்பு திரும்பத் திரும்ப வரும். ‘முதியவர் பேட்டி’, ‘பால்வெட்டுபவர்’, ‘லயம், சிறுவர்கள்’. அந்தப் பெண் யார்?

பெயரை விட்டுவிடும் இந்தப் பழக்கம் புதிதல்ல. ஜூலியா மார்கரெட் கமரன் உலகப் புகழ்பெற்ற புகைப்படக்காரர். இங்கிலாந்தில் அவர் எடுத்த டெனிசன், டார்வின், ஹெர்ஷல் படங்களைப் பெயர் சொல்லித் தேடி எடுக்கலாம். 1875இல் அவர் இலங்கைக்கு வந்தார். 1879இல் இறக்கும் வரை, சப்ரகமுவவுக்குப் பக்கத்திலுள்ள களுத்துறை மக்களைப் படம் எடுத்தார். அவர்களில் சிலர் ‘களுத்துறைக் குடியானவர்கள்’ என்று மட்டுமே இன்றைய அருங்காட்சியகப் பட்டியல்களில் இருக்கிறார்கள். பிறகு வந்த ஸ்டூடியோக்களின் தபாலட்டைகளிலும் தேயிலை பறிக்கும் பெண்ணுக்குப் பெயர் கிடையாது. அந்தக் குறிப்புகளை எழுதியவர்கள் வெளியார். அந்த முகங்களைத் தம் ஆத்தா, அப்பாயி என்று அறிந்தவர்கள் அல்ல. நாம் அறிந்தவர்கள். நாமும் ‘கொழுந்து பறிக்கும் பெண்’ என்று எழுதிவிட்டுப் போனால், அந்தப் பட்டியலைத்தான் நீட்டிக்கொண்டிருக்கிறோம்.

மலையக மக்களிடம் காகிதச் சான்று குறைவு. 1948 குடியுரிமைச் சட்டம், 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 1977இலும் 1981இலும் எரிந்த லயங்கள், வவுனியாவுக்கும் தமிழகத்துக்கும் போனவர்கள். 2016 மே 17 அன்று புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் மண்சரிவு லயத்தைப் புதைத்தது. அங்கே அதற்கு முன்னால் யாராவது ஒரு திருவிழாவை எடுத்திருந்தால், அந்த வீடியோவில் இருக்கும் ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு பெயர் உண்டு. எழுதியிருந்தால் மட்டும்.

செய்வது எளிது. பதிவு தொடங்கியதும் பேசுபவரே தன் பெயர், வயது, தோட்டம், கணக்கு, அன்றைய திகதி ஆகியவற்றைக் கமராவைப் பார்த்துச் சொல்லட்டும். பத்து விநாடி போதும். கோப்பு எங்கே தொலைந்து எந்த டிஸ்கில் எந்தப் பெயரில் கிடந்தாலும் அந்தக் குரல் உள்ளேயே இருக்கும். அன்றிரவே, தூங்குமுன், ஒரு சாதாரண எக்செல் தாளில் ஏற்றுங்கள்: கோப்பின் பெயர், திகதி, மாவட்டம், பக்கத்து ஊர், தோட்டம், கணக்கு, யார் யார், என்ன பேசினார், யார் எடுத்தது. அதன் ஒரு பிரதி வீடியோ இருக்கும் போல்டருக்குள்ளேயே கிடக்கட்டும். காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. இலவச டாவின்சி ரிசால்விலும் டிஜிகாமிலும் குறிச்சொற்கள் இட்டுத் தேடலாம். ஆனால் மூலம் அந்தத் தாள்தான். மென்பொருள் மாறும்.

பழைய தொகுப்புகளுக்கு வேறு வழி. மடிக்கணினியைத் தோட்டத்துக்கே கொண்டுபோய், கோயில் மடத்தில் வைத்து, படத்தை ஓட்டிப் பெரியவர்களைக் கேளுங்கள். “இது நம்ம மேக்கணக்கு கங்காணி மக” என்று ஒருவர் சொன்னால் இன்னொருவர் திருத்துவார். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், சொன்னவர் பெயரோடு. இந்த வேலைக்குக் காலம் குறைவு, ஏனென்றால் சொல்லக்கூடியவர்களுக்கு வயதாகிறது.

நூலக நிறுவனம் 2005இலிருந்து ஈழத்து, மலையக ஆவணங்களை எண்ணிமமாக்கி வருகிறது. அதன் பல்லூடகக் களமான ஆவணகத்தில் ஒரு பதிவைத் தேடி எடுக்க முடிவது அதனோடு சேர்ந்த ஆள், இடம், காலம் பற்றிய விபரங்களால்தான். தலைப்பும் பெயரும் இல்லாமல் ஒரு டெராபைட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எந்தக் காப்பகமும் திணறும்.

பெயரை எழுதச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் சேர வேண்டும். 1,000 ரூபாய் நாட்சம்பளப் போராட்டக் காலத்தில் துரையைப் பற்றியும் சங்கத் தலைவர்களைப் பற்றியும் வாய்விட்டுப் பேசியவர்கள் இன்னும் அதே தோட்டத்தில் பேர்போட்டு வேலை செய்துகொண்டிருக்கலாம். அவர்களின் பெயர் பட்டியலில் இருக்கட்டும், படத்தில் வரக்கூடாது. ஆகவே தாளில் இன்னும் இரண்டு நிரல்கள் வேண்டும்: யார் என்ன அனுமதி தந்தார், எதைக் காட்டக்கூடாது என்றார். அனுமதி நிரல் காலியாக இருக்கும் துண்டை, எவ்வளவு அழகாக வந்திருந்தாலும், ஆளைப் போய்க் கேட்காமல் எடிட்டருக்கு அனுப்பாதீர்கள்.